பாதியில் நின்றவர்களையும் எண்ணுங்கள்

இணையவழி எடைக்குறைப்புத் திட்டத்தைச் சோதித்துவரும் ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். முக்கூடலிலிருந்து எழுதுகிறேன். போதிய பதிவுகள் இல்லாததால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறீர்கள் என்று போன வாரம் எங்கள் மதினிக்குச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். அதன் பின்னாலேயே, திட்டத்தை முடித்தவர்களுக்கு நல்ல பலன் என்று ஒரு பெருமைச் செய்தி. முடித்தவர்களுக்குச் சரி. முடிக்காதவர்கள் என்ன ஆனார்கள்?

மதினி பீடி சுற்றுகிறவர். மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால், இலை வெட்டி, தூள் போட்டுச் சுற்றி, ஆயிரம் பீடியையும் கட்டுக் கட்டிக் கடையில் கொடுக்கும் வரைக்கும் எழுந்திருப்பது சோற்றுக்கும் தண்ணீருக்கும்தான். வீட்டில் நல்ல போன் ஒன்றே ஒன்று. அதுவும் காலையில் மகனோடு கல்லூரிக்குப் போய்விடும். இரவு கைக்கு வரும்போது உங்கள் திட்டத்தின் செயலி மதினியைப் பாராட்டும், இன்று நன்றாக நடந்தீர்கள் என்று. நடந்தது மகன்! உணவுப் பட்டியலில் ஓட்ஸ் உண்டு, கினோவா உண்டு. பழைய சோறு இல்லை, சொதி இல்லை. கொஞ்ச நாள் தட்டுத் தடுமாறிப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார். ஏன் விட்டீர்கள் என்று யாராவது போனில் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு உங்களுக்குத் தெரிந்ததுதான். 91 பேர், ஆறு மாதம். இணையத்தில் தகவல் மட்டும் கிடைத்தவர்களுக்குச் சராசரியாக 1.6 கிலோ குறைந்தது. வாராவாரம் பாடமும், எழுதி அனுப்பிய குறிப்புக்கு ஒரு மனிதரின் பதிலும் கிடைத்தவர்களுக்கு 4.1 கிலோ. மதினிக்கு வந்ததெல்லாம் தானாக வரும் செய்திகள்தான், நீக்கியது உட்பட.

எடை இறங்காதவர்தான் பெரும்பாலும் முதலில் சோர்ந்து விலகுவார். அவரைக் கழித்துவிட்டு மிச்சப் பேரை வைத்துச் சராசரி போட்டால் எந்தத் திட்டமும் ஜெயிக்கும். தேறாத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலேயே டிசி கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் என்று வாசலில் பேனர் கட்டுகிற பள்ளிக்கூடக் கணக்கு இது. ஒப்பிட்டுப் பார்க்க, தொடக்கத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எந்தக் குழுவில் போட்டீர்களோ, அந்தக் குழுவிலேயே வைத்துக் கடைசிவரை எண்ணுவதுதான் முறை. பாதியில் நின்றவர்களையும் எண்ணுங்கள்.

ஏற்கெனவே திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போய்ச் சேர்வதற்குள், உடம்பை இளைக்க வைக்கும் மருந்துக்கு எத்தனை சுவரொட்டி! உடல் பருமனைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். சுவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நாளைக்கு உங்கள் சராசரியும் அதே சுவரில் ஏறும், செயலிக்குச் சந்தா கட்டச் சொல்லி. சரி, சுவரைக் காப்பது உங்கள் வேலையில்லை. கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அறிக்கையை முடிக்கும் முன், விலகியவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் என்று தயவுசெய்து எழுதுங்கள். அவர்களையும் சேர்த்துச் சராசரி போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லி, கடைசி எடையை நேரில் பாருங்கள். மதினி வரத் தயார்; பீடி கொடுக்கக் கடைக்குப் போகும் நேரமாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அவருடைய நாத்தனார்,
முக்கூடல்