ப்ராஜெக்ட் வேலை தேடும் மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு பல்கலைக்கழக ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேரலாம் என்று எழுதியிருந்தாய். தாராளமாகச் சேர். ஆனால் விளம்பரத்தில் சம்பளத்தைத் தேடும் முன் திட்டம் என்றைக்கு முடிகிறது என்று தேடு. மூன்று ஆண்டுத் திட்டத்தில் இருபது மாதம் ஓடிய பிறகு யாரோ விலகியிருப்பார்கள். அந்த இடத்துக்கு வருகிற உனக்கு மிஞ்சுவது பதினாறு மாதம்தான். விளம்பரத்தில் ‘திட்டம் முடியும் வரை’ என்று மட்டும் போட்டிருந்தால் பேராசிரியருக்கு மின்னஞ்சல் போட்டுத் தேதியைக் கேள். அதில் கூச்சமே வேண்டாம்.

அடுத்தது பதவிப் பெயர். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) என்றால் பெரும்பாலும் நெட் அல்லது கேட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறியிருக்கக் கேட்பார்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜனவரி முதல் அதற்கு மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. இரண்டு ஆண்டு முடிந்து மதிப்பீட்டில் தேறினால் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்), 42,000. வீட்டு வாடகைப்படி தனி. ‘தொகுப்பூதியம்’, அதாவது எல்லாம் சேர்த்து ஒரே தொகை, என்று போட்டிருந்தால் அந்தப் படி கிடையாது. ப்ராஜெக்ட் அசோசியேட் என்றால் நெட், கேட் இல்லாதவர்களுக்கு அதே வேலைக்குக் குறைந்த சம்பளம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுதான் செல்லும், தேதியைச் சரிபார்த்துக்கொள்.

சம்பளம் மாதாமாதம் சரியாக வரும் என்று நம்பி வாடகை வீடு பிடிக்காதே. செலவுக் கணக்கும், பணத்தைத் திட்டத்துக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் போய்ச் சேர்ந்த பிறகுதான் நிதி நிறுவனம் அடுத்த தவணையை விடும். மார்ச் முடிந்ததும் அந்தக் காகிதங்கள் தாமதமானால் உன் சம்பளமும் நிற்கும். மூன்று மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வை.

பி.எச்டி. பதிவு தானாக வராது. அதற்கு நுழைவுத் தேர்வும் நேர்முகமும் தனி. பி.எச்டி. பாதியில் இருக்கும்போது திட்டம் முடிந்தால் ஆய்வு தொடரும், பணம் நின்றுவிடும். அப்போது என்ன ஏற்பாடு என்று நேர்முகத்திலேயே கேட்டுவிடு.

பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கருவிகளைப் பொதுவாக வைத்திருக்கும் கருவி மையங்களில் தொழில்நுட்ப உதவியாளர் வேலையையும் பார். அதை மட்டமாக நினைக்காதே. மையத்தின் கருவிகள் ஓடுவதே அவர்கள் கையில்தான். நேர்முகத்தில் ‘எச்.பி.எல்.சி. (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) தெரியும்’ என்றால், கோளாறு வந்தால் என்ன செய்வாய் என்று உடனே தோண்டுவார்கள். அழுத்தம் ஏறி இறங்கினால் பம்பில் காற்றுக்குமிழி இருக்கலாம். கரைப்பானை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, காற்றை நீக்கி, பம்பைப் பர்ஜ் செய்ய, அதாவது கரைப்பானை வேகமாக ஓட்டிக் குமிழியை வெளியேற்ற, வேண்டும். உப்புள்ள பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஓட்டிய பிறகு நேராகத் தூய அசிட்டோநைட்ரைல் என்ற கரிமக் கரைப்பானைச் செலுத்தினால் உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் தொண்ணூறு பங்கு தண்ணீர், பத்துப் பங்கு அசிட்டோநைட்ரைல் கலவையை ஓட்ட வேண்டும். இதைக் கையால் செய்து பார்த்தவள் சொன்னால் கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதனால் விண்ணப்பத்தில் கருவியின் பெயரோடு நிறுத்தாமல், எந்த மாதிரியை, எத்தனை முறை ஓட்டினாய் என்றும் எழுது.

இந்த வேலையெல்லாம் ஒப்பந்தம்தான், நிரந்தரமாக்கும் உரிமை இல்லை. விலகும் நாளில் அனுபவச் சான்றிதழைக் கையோடு வாங்கிவிடு. பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, திட்டத்தின் பெயர், நிதி தந்த நிறுவனம் ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பேராசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அலைந்தால் கிடைப்பது கஷ்டம்.

எதற்கு விண்ணப்பித்தாலும் விளம்பரத்தை முழுசாக எனக்கு அனுப்பு, கடைசிப் பக்க நிபந்தனைகளையும் சேர்த்து. சேர்ந்தே படிப்போம்.

அன்புடன்,
அம்மா