மாடு வாங்கிக் கொடுப்பதற்கு முன்

மாதவரம் பால் பண்ணை,
சென்னை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். உங்கள் சங்கத்தார் சேர்ந்து பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துக் கிராமங்களில் இருபது ஏழைக் குடும்பங்களுக்குக் கறவை மாடு வாங்கிக் கொடுக்க எண்ணியிருப்பதாக எழுதி, கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் யோசனையைக் கேட்டிருந்தாய். தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மாட்டின் விலை மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் கொடுக்க வேண்டாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மாட்டுக் கொடையால் குடும்பங்கள் தேறியதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1944இல் போர்ட்டோ ரிக்கோவுக்குப் பதினேழு கிடேரிகளை, அதாவது இன்னும் ஈனாத இளம் பசுக்களை, கப்பலில் அனுப்பித் தொடங்கிய ஹெய்ஃபர் என்ற தொண்டு அமைப்பிடம் ருவாண்டாவில் பசு பெற்ற வீடுகளை ஆராய்ந்தவர்கள், அங்கே பால் குடிப்பது கூடியதையும் சிறு பிள்ளைகளின் உயரம் வயதுக்கேற்றபடி தேறியதையும் கண்டார்கள். நம் பக்கத்திலும், 2011இல் தமிழக அரசு ஐந்தாண்டுகளில் 60,000 கறவை மாடுகளை ஏழைப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது உனக்கு நினைவிருக்கும்.

கொடுத்த மாடு கொட்டிலில் நிலைக்கிறதா என்பதைத் தீர்மானிப்பவை தீவனமும், பால் நின்றுபோன வற்றுக்காலமும்தான். உடம்பைக் காக்க ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்பது புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர்தீவனத்துக்கு நாங்கள் சொல்லும் கணக்கு. அதன்படி எட்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ வேண்டும். பசும்புல்லும் வைக்கோலும் தனி. சொந்த நிலம் உள்ளவர் வரப்போரம் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லின் கரணை நட்டுச் சமாளிப்பார். நிலமில்லாதவர் எங்கே போவார்? செங்குன்றத்திலிருந்து மீஞ்சூர் வரை மேய்ச்சல் தரையாகக் கிடந்த எத்தனையோ இடங்களில் இன்று கிடங்குகள் நிற்கின்றன.

கன்று ஈன்ற மூன்று மாதத்துக்குள் மாடு மறுபடி சினைபிடித்தால்தான் ஆண்டுக்கொரு கன்று என்ற கணக்கு ஓரளவு நடக்கும். பருவத்துக்கு வந்ததைக் கவனியாமல் விட்டால், அடுத்த பருவம் வரை 21 நாள் போயிற்று. சினை ஊசி போட ஆள் வரத் தாமதித்தால் இன்னொரு 21 நாள். சினை தள்ளிப்போகப் போகப் பால் குறைந்து, ஒரு நாள் நின்றே விடும். இப்படிப்பட்ட வீடுகளில் பால் சொசைட்டி அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறேன்: காலை ஐந்து, மாலை மூன்றரை என்று நிறைந்திருந்த கட்டங்கள், பக்கம் புரளப் புரள இரண்டு, ஒன்று என்று இறங்கி, பிறகு வெறுங்கோடாகிவிடும். கோடு விழும் மாதங்களில்தான் தரகர் வாசலுக்கு வருவார். பால் வற்றினாலும் மாட்டுக்கு வயிறு வற்றுவதில்லை அல்லவா? கடன் வாங்கித் தீனி போடுவதைவிட விற்பதே மேல் என்று அந்தப் பெண் முடிவெடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

உத்தரப் பிரதேசக் கிராமங்களின் விவரங்களை வைத்து 2013இல் பொருளியலாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வீட்டாரின் உழைப்புக்குச் சந்தைக் கூலி வைத்தால், பசு வளர்ப்பில் பொதுவாக ஒரு குடும்பத்துக்கு 64 சதவீதம் நட்டம் என்று வந்தது. உழைப்புக்கு ஒன்றுமே வைக்காவிட்டாலும் பசுவில் 6 சதவீதம் நட்டம்தான். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. கூலி வேலை எல்லா நாளும் கிடைப்பதில்லை, பால் பணமோ தவணை தவறாமல் வருகிறது, சாணமும் எருவாகிறது. ஆனாலும் பொழுது விடியுமுன் எழுந்து கறப்பதும், புல் அறுத்துச் சுமப்பதும், மாலைக் கறவைக்காக நடவு வேலையைப் பாதியில் விட்டு வருவதும் அந்த வீட்டுப் பெண்தான். பல இடங்களில் புல் அறுக்கும் வேலை பள்ளிக்குப் போகும் மகளின் தலையில் விழுகிறது. ஆகவே பட்டியல் எழுதுமுன் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இருபதை விட்டுப் பன்னிரண்டு மாடுகளே வாங்குங்கள். மீதிப் பணத்தில் மாட்டை அடையாளம் காட்டும் காதுவில்லையோடு காப்பீடும், தாது உப்பும், முதல் வற்றுக்காலம் முழுவதற்குமான தீவனமும் ஏற்பாடு செய்யலாம். முன்பே மாடு வளர்த்துப் பழகிய, பால் சொசைட்டிக்கு நடந்து போகக்கூடிய குடும்பங்களாகப் பாருங்கள். இரண்டாம் கன்று ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடுதான் நல்லது. சந்தைக்கு அந்தக் குடும்பத்தாரே வர வேண்டும். நானும் கூட வருகிறேன். தரகர் ஒரு நேரம் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவார். அதனால் இரண்டு வேளை தொடர்ந்து கறந்து பார்த்து, நான்கு காம்பிலும் முதல் பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுத் மடிநோயின் அறிகுறியான திரி இருக்கிறதா என்று பார்த்த பின்தான் விலை பேச வேண்டும்.

முதல் கிடேரிக் கன்றை வேறொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை கேட்க நன்றாக இருக்கிறது. ஹெய்ஃபர் அமைப்பின் வழக்கமும் அதுவே. பாதிக்குப் பாதி காளைக்கன்றே பிறக்கும், கிடேரி வளர்ந்து ஈன இரண்டரை ஆண்டாவது ஆகும் என்பதால், நான் அதை வற்புறுத்த மாட்டேன். சொந்த நிலமோ தண்ணீரோ இல்லாத வீடுகளுக்கு மாட்டை விட நான்கு வெள்ளாடுகள் பொருந்தும். உன் நண்பர்களுக்கு இது சிறிதாகத் தோன்றலாம், ஆனாலும் எடுத்துச் சொல்.

அடுத்த வாரம் பொன்னேரிக்குப் போய் இரண்டு சொசைட்டிச் செயலாளர்களைப் பார்த்துப் பேசிவிட்டு எழுதுகிறேன். அதுவரை யாருக்கும் முன்பணம் அனுப்பாதே.

இப்படிக்கு,
அப்பா