இடிக்கப்பட்ட கால்பந்து மைதானத்தின் ஆட்டக்களத்தை அளந்து பதிவுசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்: பாளையங்கோட்டை வட்டாரக் கால்பந்து ஆட்டக்காரர்கள், நடுவர்கள், மைதானப் பராமரிப்பாளர்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், திருநெல்வேலி

பொருள்: மண் நிரப்பும் முன் ஆட்டக்களத்தின் இடத்தைக் குறித்து வைத்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பழைய மைதானத்தின் கேலரியும் சுற்றுச்சுவரும் இடிக்கப்பட்டுவிட்டன. இடிபாடுகளை அள்ளியதும் மண் அடித்துச் சமப்படுத்தப் போகிறார்கள். புதிய கட்டடம் வருவதை நாங்கள் எதிர்க்கவில்லை. இத்தனை தலைமுறை ஆடிய களம் எங்கே இருந்தது என்பது மட்டும் அழிந்துவிடக் கூடாது.

இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ நகரில் 1903 முதல் 1995 வரை ஆட்டம் நடந்த அயர்சம் பார்க் மைதானம் இன்று வீடுகளாகிவிட்டது. 1966 உலகக் கோப்பையில் இத்தாலியை வட கொரியா 1-0 என வென்றது அங்கேதான். வட கொரிய வீரர் பாக் டூ இக் அந்தக் கோலை அடித்த இடத்தில் பூட்ஸ் தடத்தை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். லண்டனில் ஆர்சனல் அணியின் பழைய ஹைபரி மைதானத்தில் களத்தைத் தோட்டமாக விட்டுச் சுற்றிலும் குடியிருப்பு கட்டினார்கள்.

இங்கே சுவர் போய்விட்டதால் அதை வைத்து அளக்க முடியாது. மிச்சமிருக்கும் நல்ல சான்று கோல் போஸ்ட்டின் அடித்தளம்தான். குழாயைத் தரையோடு அறுத்தாலும் அதைப் பிடித்திருந்த கான்கிரீட் செம்மண்ணுக்குள் கிடக்கும், அறுபட்ட குழாயின் வட்டமும் அதில் தெரியும். ஜேசிபி இயந்திரம் ஓர் அடித்தளத்தைப் பெயர்த்தாலே கணக்கு போய்விடும் என்பதால் அங்கே மண்வெட்டியும் கடப்பாரையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும். இரு குழாய்களின் உள்விளிம்புகளுக்கு இடையே 7.32 மீட்டர் இருந்தால் அதுவே கோல். இரண்டு கோல்களின் நடுப்புள்ளிகளுக்கும் இடையே அளந்து, அதில் பாதியில் மையப்புள்ளியைக் குறிக்கலாம். நீளம் 105 மீட்டர்தானே என்று 52.5-இல் குறித்தால் தவறாகும். கால்பந்து விதி 90 முதல் 120 மீட்டர் வரை இடம் தருகிறது, பழைய களங்கள் கிடைத்த நிலத்துக்குத் தக்கபடி போடப்பட்டவை. துணி டேப் இழுத்தால் நீளும், ஸ்டீல் டேப் வேண்டும்.

இந்த அளவுகளை நில அளவைப் புலப்படத்தில் உள்ள எல்லைக் கற்களிலிருந்து, தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியால் எடுத்து, புதிய கட்டட வரைபடத்திலும் ஏற்ற வேண்டும். மையப்புள்ளியில் தரைமட்டத்துக்கு ஒரு கருங்கல் பதிக்கவும், கல்லைப் பின்னால் யாராவது பெயர்த்தாலும் இடம் தெரியும்படி அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து வைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நில அளவையர் வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், அந்தப் போஸ்ட்டுகளை ஊன்றியவர்களே வந்து இடம் காட்டித் தோண்டிக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்