கயிற்றை அவிழ்த்துவிட்ட அக்காவுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை நூலகக் கழிப்பறையில் நான் விழுந்து கிடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். வலது தோளைத் தவிர மற்றபடி நன்றாக இருக்கிறேன். திரும்பத் திரும்ப அதைச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது, விட்டுவிடுவோம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நாணயத்தை வைத்து வெளியிலிருந்தே தாழ்ப்பாளைத் திருப்பித் திறந்த காவலாளி அண்ணன்; தூக்குவதற்கு முன்னால் "எங்கே பிடிக்கட்டும் சார்?" என்று என்னிடமே கேட்ட மாணவர்கள் இரண்டு பேர், கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்ட நூலகர் அம்மா, ஆம்புலன்ஸில் வந்தவர்கள், சக்கர நாற்காலியை வீடு வரை கொண்டுவந்து சேர்த்தவர், இரவெல்லாம் போன் செய்துகொண்டே இருந்த நீங்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்வேன்.

இந்த மடல் இன்னொருவருக்கு. நூலகக் கழிப்பறையைத் துப்புரவு செய்யும் அக்காவுக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் மேற்கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். விளக்கு சுவிட்ச் என்று நினைத்து இழுத்துவிட்டு அசடு வழிந்தவர்களும் உண்டு. இழுத்தால் வெளியே மணி அடிக்கும். முறைப்படி அதில் இரண்டு வளையங்கள் இருக்க வேண்டும். பிரிட்டனில் பின்பற்றும் கட்டட வழிகாட்டுதலில் மேல் வளையத்துக்கு 80 முதல் 100 செ.மீ. உயரம், அது உட்கார்ந்திருப்பவருக்கு. கீழ் வளையம் தரையிலிருந்து வெறும் 10 செ.மீ. அது விழுந்து கிடப்பவருக்கு.

தரை துடைக்கும்போது இந்தக் கயிறு நனையும், மாப்பில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஒருநாள் யாராவது சுருட்டி முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அத்தோடு சரி, பிறகு யாரும் அதைத் தொடமாட்டார்கள். எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். இந்த நூலகத்திலும் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. இதே கட்டடத்தில் சாய்தளத்தின் சரிவு 1:12க்கு மேல், அதாவது 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு மேல், போகக்கூடாது என்று மல்லுக்கு நின்றவன் நான். நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் வேண்டும் என்று கைகழுவும் தொட்டியையே இடம் மாற்றவைத்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பதற்கும் ஒரு பெரிய சண்டை. (உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்திருந்தால், வியாழனன்று என் உடம்பே அதை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கும்.) இவ்வளவுக்கும் பிறகு ஒரு கயிற்றுக்காகவும் போய் நின்றால், "இந்த மனுஷனுக்கு எதிலும் திருப்தி இல்லை" என்பார்களே என்று கூச்சம்.

கன்னம் தரையில் ஒட்டிக் கிடந்தபோது கண்ணுக்கு நேரே அந்தக் கீழ் வளையம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே கயிற்றில் சுருள் சுருளாக மடிப்பு, நெடுநாள் முடிச்சாகக் கிடந்த தடம். யாரோ அவிழ்த்திருக்கிறார்கள் என்று அந்த வலியிலும் தோன்றியது. ஒரு விரலை மாட்டி இழுத்தேன்.

அந்த யாரோ யார் என்று ஞாயிறன்று என்னைப் பார்க்க வந்த காவலாளி அண்ணன்தான் சொன்னார். உடனே போன் போட்டுத் தரச் சொன்னேன். கயிற்றைத் தொட்டது தப்போ என்று அக்கா முதலில் பயந்துபோனார். அப்புறம் மெல்லச் சொன்னார்: "பேசினுக்குப் பின்னாடி தேய்க்க முட்டி போட்டேன் சார். எந்திரிக்கப் பார்த்தா முட்டி பிடிச்சிக்கிச்சு. எதையாவது பிடிக்கலாம்னு கைய நீட்டினா, கயிறு மேல சுருட்டிக் கெடக்கு. எனக்கே எட்டல, விழுந்தவங்க என்ன பண்ணுவாங்க? அதான் அவுத்துவிட்டேன்."

இப்போது துடைக்கும்போது கயிற்றைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பிமேல் போட்டுக்கொள்கிறாராம். வேலை முடிந்ததும் வளையத்தையும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, கீழே இறக்கிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார். நடுவில் இரண்டு தடவை வேறு யாரோ மறுபடி முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவையும் அக்கா அவிழ்த்திருக்கிறார். மேலே யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குப் படவில்லை.

எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற எண்ணத்துக்குப் பேர் வைத்த ரொனால்ட் மேஸ், தாமே சக்கர நாற்காலியில் இருந்த கட்டடக் கலைஞர். அவரும் கூட்டாளிகளும் 1997இல் ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள். ஆள் தவறினாலும் ஆபத்தில் கொண்டுபோய் விடாத இடமாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் இதை ஒப்பித்திருக்கிறேன். ஒப்பித்துவிட்டு வந்து, முடிச்சுப் போட்ட கயிற்றைப் பார்த்துக்கொண்டே கை கழுவியிருக்கிறேன். வரைபடத்தில் கயிறு எப்போதும் நேராகத்தான் தொங்கும். நிஜத்தில் அதைத் தினமும் ஒருவர் இறக்கிவிட வேண்டியிருக்கிறது. அந்த ஒருவருக்கு அது எதற்கு என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலித்த முட்டியிலிருந்து அவரே தெரிந்துகொண்டார்.

இனி எந்தக் கழிப்பறைக்குப் போனாலும் முதலில் கயிற்றைத்தான் பார்ப்பேன். கட்டியிருந்தால் கேட்பேன். குறை சொல்லி என்று பேர் வந்தால் வரட்டும்.

அக்கா, "கயிற்றைக் கட்டாதீர்கள், தரை வரை தொங்கட்டும்" என்று ஒரு அட்டை எழுதி அங்கே மாட்ட நூலகர் அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எங்கே மாட்டினால் துடைக்க வருபவர்கள் கண்ணில் படும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள்தான் இடம் காட்ட வேண்டும். கட்டுப் பிரித்ததும் வருகிறேன்.