காவிரிக்கு நின்றேன், உனக்கு நிற்கவில்லை

கோவில்பட்டி,
ஆனி கடைசி நாள்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் மொட்டை மாடிக்குப் போய் வெங்காய வடகத்தைப் புரட்டிப்போடுகிறாயாம். உன் மனைவி போனில் சொல்லிவிட்டாள்.

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நாமக்கல்லைத் தாண்டினேன். நான் வந்த சாலையிலிருந்து உன் வீட்டுக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். நிற்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை, பைபாஸில் வழி தவறிவிட்டது என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டியவனிடம் சாலையை வைத்துப் பொய் சொல்ல முடியுமா? நிற்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எப்படி அந்தப் புத்தி வந்தது என்பதை எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டிக்கொள்.

லூதியானாவில் கம்பளி பனியன் கம்பெனிக் கணக்கை முப்பத்தொரு வருடம் எழுதியாயிற்று. ஊருக்கு வருவதென்றால் ரயிலில் ஏறிப் படுப்பேன், விஜயவாடாவில் விழிப்பேன், மறுபடி படுப்பேன். கடைசித் தடவையாவது கண்ணைத் திறந்துகொண்டு வரலாம் என்றுதான் காரிலேயே கிளம்பினோம். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். ராத்திரி ஓட்டாதே என்று நீ சொன்னபடி பொழுது சாய்ந்ததும் எங்காவது தங்கிவிட்டோம். ஆக்ரா, சாகர், நாக்பூர் என்று முதல் மூன்று நாளும் எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சம்பல் பாலத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டி, மண் மேடுகள் கறையான் அரித்த மரம் போலக் கிடப்பதை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே, ஒற்றைச் சாலையில் காட்டுக்குள் ஹெட்லைட்டை மட்டும் நம்பி ஓட்டியதாகச் சொல்வாயே, பெஞ்ச் காடு, அங்கே இப்போது சாலையையே தூணில் ஏற்றிவிட்டார்கள். புலியும் மானும் கீழே நடக்கின்றன, லாரிகள் மேலே போகின்றன. இரண்டு பக்கமும் சுவர் போல மறைப்பு வைத்திருப்பதால் காடு கண்ணில் படுவதே அபூர்வம். நீ பார்த்தால் ஏமாந்துபோவாய்.

நாக்பூரைத் தாண்டி ஆதிலாபாத் பக்கம் வரும்போதுதான் எனக்குக் கோளாறு ஆரம்பித்தது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் கரிசல். நம்மூர்க் கரிசலேதான், செருப்பில் ஒட்டினால் காலில் ஒரு கிலோ கூடும், அதே மண். பருத்தி இரண்டு இலை விட்டு நின்றது. நம்மூரில் புரட்டாசி பிறந்து மழை கண்டால்தான் விதைப்பு. அங்கே ஆனியிலேயே முளைத்துவிட்டது. அது ஒன்றுதான் வித்தியாசம். அந்த மண்ணைப் பார்த்ததும் ஊர் அடுத்த மேட்டுக்குப் பின்னால் இருப்பது போல உடம்புக்குத் தோன்றிவிட்டது. இன்னும் ஆயிரத்து சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது என்று மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை, ஆக்சிலேட்டரை மிதிக்கிறது. லோடு இறக்கிவிட்டு ஊர் திரும்புகிற டிரைவரைத்தான் நம்பக் கூடாது, தொழுவத்தைப் பார்த்த மாடு மூக்கணாங்கயிற்றுக்கு அடங்காது என்று நீ சொல்வாயே, அந்த மாடு நான்தான்.

போதாக்குறைக்கு ஆடி. ஆனியில் வீடு மாறுவதே ஆகாது, ஆடி அதைவிட ஆகாது, பிறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட வேண்டும் என்று உன் தங்கச்சி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணியதோடு சரி, விரட்டியதெல்லாம் நான்.

அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பாலம் வந்தால் ஆற்றில் காசு போட வேண்டும். அவள் அப்பா ரயில் பாலத்தில் போடுவாராம். யமுனைக்கு ஒன்று, சம்பலுக்கு ஒன்று, பர்மானில் நர்மதைக்கு இரண்டு. பென்கங்கைக்கும் கோதாவரிக்கும் கண்ணாடியை இறக்கி வீசியதில் பாதி பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பிவிட்டது. கிருஷ்ணையோடு பணப்பையில் நாணயம் தீர்ந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் எங்கே மாற்றுவது? சுங்கச்சாவடியில் 2021-லிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். டீக்கடையில் போனைக் காட்டிப் பணம் கட்டுகிறோம். இத்தனை நூறு கிலோமீட்டர் வந்தும் ஒருவரும் எங்களுக்குச் சில்லறை தரவில்லை. கர்நூலில் துங்கபத்திரையை வெறுங்கையோடுதான் கடந்தோம். அவள் வாய்க்குள் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆந்திராவில் குத்தி என்ற ஊருக்குப் பக்கத்தில் வண்டி சூடேறி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஆவி. ரேடியேட்டர் ஹோஸ் பைப் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிளம்புவதற்கு முன் சர்வீஸ் செய்த ஒர்க்ஷாப்பில் எல்லாம் புதிது போட்டதாக பில் கொடுத்திருந்தார்கள். பெயர் எழுதவில்லை, நீ போன் போட்டுச் சண்டை பிடிப்பாய். தூரத்தில் மலைமேல் கோட்டை, கீழே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டதும் "நாமக்கல்லா?" என்றார். தமிழ் பேசுகிறவரெல்லாம் அவர் கணக்கில் நாமக்கல் ஆட்கள். லாரிகளும் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும் நின்று நின்று அவருக்குத் தமிழே பழகிவிட்டது, அதுவும் உங்கள் கொங்குத் தமிழ். என் கோவில்பட்டித் தமிழ்தான் அவருக்கு மட்டுப்படவில்லை. பைப்பின் கிழிந்த முனையை அறுத்து எறிந்துவிட்டு, மீதியை இழுத்து மாட்டிக் கிளாம்ப் போட்டார். அனந்தபூரில் புதியது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், அதுவரை அறுபதைத் தாண்டாதீர்கள் என்றார். அன்றைக்கு அனந்தபூரோடு சரி. ஒரு நாளில் பாதி போயிற்று. அதை மறுநாள் ஈடுகட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

ஈடுகட்டப் பார்த்தது எங்கே தெரியுமா? தொப்பூர் கணவாய் இறக்கத்தில். பெங்களூரு நெரிசலில் மூன்று மணி நேரம் தின்றுவிட்டது. தர்மபுரியைத் தாண்டும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. இறக்கத்தில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. நானோ டாப் கியரில் இருந்தேன். அதைக் கடந்துவிடலாம் என்று வலப்புறம் ஏறினேன். வளைவு திரும்பியதும் அந்தப் பக்கமும் ஒரு லாரி, இரும்புக் கம்பி லோடு, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனையில் ஒரு சிவப்புத் துணி. பிரேக்கை மிதித்தேன், மிதி கொஞ்சம் பஞ்சு போல உள்ளே போனது. கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்தத் துணி ஆடியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பழைய சேலை முந்தானையில் கிழித்தது, ஓரத்தில் ஜரிகை இருந்தது. பிறகுதான் இரண்டாம் கியருக்கு வந்தேன். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்து முப்பது வருடம் இருக்கும். உன் தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. சேலம் விடுதியில் தோசை வந்தபோதுதான், "நாளைக்கு நாமக்கல்லில் அண்ணன் வீட்டில் காலைப் பலகாரம், சரிதானே?" என்றாள். சரி என்றேன்.

காலையில் அந்தச் சரியை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் பொய். திரும்பும் இடம் வந்தது, பலகையைப் படித்தேன், உள்ளே போனால் நீ விடமாட்டாய், மத்தியானச் சாப்பாடு ஆகிவிடும், இருட்டித்தான் ஊர் சேர்வோம் என்று ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டேன். கணக்கப்பிள்ளை புத்தி. கார் நேராகப் போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் மானக்கேடு. பரமத்தி வேலூர் வந்ததும் காவிரி நினைவு வந்து வண்டியை நிறுத்தினேன். டீக்கடையில் கெஞ்சி, ஐம்பது ரூபாய்த் தாளுக்கு ஐந்து பத்து ரூபாய் நாணயம் வாங்கினேன். கடைக்காரர் சந்தோஷமாகத் தந்தார்; நம் பக்கம் அந்த நாணயத்தை யார் வாங்குகிறார்கள்! உன் தங்கச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "காசுக்கு நிற்கிறீர்கள். அண்ணனுக்கு நிற்கவில்லை." ஆற்றில் நிறையத் தண்ணீர். காவிரி பத்து ரூபாயை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மதுரையில் வைகைக்குப் போட்டது மணலில்தான் விழுந்திருக்கும், எந்தப் பையனாவது பொறுக்கியிருப்பான்.

சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கினோம். இனி இருபத்தைந்து கிலோமீட்டர்தான். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவியதைக் கடித்துக்கொண்டே, பால் யார் வீட்டில் வாங்குவது, சாவி தம்பியிடமா அவன் மனைவியிடமா என்று பேசிக்கொண்டு வந்தோம். பேச்சு முடியவில்லை. போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தவள், "சுங்கச்சாவடியில் பணம் பிடித்திருக்கிறார்கள், இது எந்த ஊர்?" என்றாள். சுற்றிலும் காற்றாலைகள் ஆனிக் காற்றில் சுழன்றுகொண்டிருந்தன. கட்டபொம்மனை 1799-இல் தூக்கிலிட்ட கயத்தாறு! பிறந்து வளர்ந்த ஊரைக் கண் முன்னாலேயே தாண்டி வந்திருக்கிறேன். நீ ஓட்டிய காலத்தில் சாலை ஊருக்குள்ளே வரும், பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஆரன் அடித்துக்கொண்டே போவாய். இப்போது அது ஊரைத் தொடாமல் விலகிப் போகிறது. 2010-இல் சாலையின் நம்பரையும் மாற்றிவிட்டார்களே. நீ இன்னும் ஏழாம் நம்பர் ரோடு என்றுதான் சொல்கிறாய். திரும்பி வருவதற்கும் பணம் பிடித்தார்கள். உன் வீட்டில் ஒரு வாய்க் காப்பி குடித்திருந்தால் ஆகியிருக்கும் நேரம் அங்கேயே போயிற்று. அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தொப்பூருக்கும் சேர்த்துச் சிரித்தாள்.

பால் பொங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டார்தான் ஓடவில்லை. பின்கட்டு ஓட்டில் ஏழெட்டு மாற்ற வேண்டும். வாசல் திண்ணையில் தெருப்பையன்கள் கிரிக்கெட் ஸ்டம்ப் வரைந்து வைத்திருக்கிறார்கள். அழிக்க மனம் வரவில்லை.

கடைசி லாரியையும் கொடுத்துவிட்டேன் என்று போன கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தாய். அதைப் பற்றி நேரில் கேட்கத்தான் உன் வீட்டுக்கு வர நினைத்திருந்தேன். நான் அப்படிச் செய்ததால் இப்போது நீதான் இங்கே வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆவணி முதல் வாரம் வா. கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். முழங்காலை நீட்டி உட்காரத் திண்ணையும் இருக்கிறது. காரில் வராதே, ரயிலில் வா. அதுதான் இன்னும் ஊருக்குள் நிற்கிறது.

பலகாரத்துக்குக் கடன்பட்ட
உன் மாப்பிள்ளை

பி.கு.: பத்து ரூபாய் நாணயம் மூன்று மீதி இருக்கிறது. இங்கே ஒரு கடையிலும் வாங்கவில்லை.