பெயர் சொல்லாமல் போன அண்ணாவுக்கு நன்றி

அப்பா காலமான அன்று வீட்டுக்கு வந்து, பெயரைக்கூடச் சொல்லாமல் கிளம்பிப் போன அண்ணாவுக்காக இந்தப் பதிவு. பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் சேர்த்துவிடுங்கள்.

அன்று நல்ல மழை. பந்தல் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாக இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். இவர்தான் தன் வண்டியிலிருந்த தார்ப்பாயை எடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார். அம்மாவுக்குச் சுக்குக்காப்பி வாங்கி வந்து, இரண்டு வாய் குடிக்கும்வரை நகரவில்லை. காசு நீட்டினேன். "சாருக்கு நான் தர வேண்டிய பாக்கியே நிறைய இருக்குதுங்க" என்றார். அவ்வளவுதான்.

எந்த வருஷத்து மாணவரோ! 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது எங்கள் சித்தூர் தாலுகா கேரளத்தில் சேர்ந்தது. தமிழ்வழிப் பள்ளிகள் இங்கேயே தொடர்ந்தன. அப்படியொரு பள்ளியில்தான் அப்பா கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம், சரி. பயிற்சிக்குத் தாள் வேண்டுமே? மலையாளத்தில் இருக்கும் மாதிரி வினாத்தாளை ராத்திரி உட்கார்ந்து தமிழில் எழுதி, காலையில் சொந்தக் காசில் ஜெராக்ஸ் எடுப்பார். (மாசக் கடைசியில் அம்மா முணுமுணுப்பது தனிக்கதை.) அதற்காக வீட்டை மறந்தவர் இல்லை. எனக்கும் தங்கைக்கும் தலை பின்னிவிடுவது அவர்தான், வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே. வகிடு மட்டும் கோணலாகத்தான் வரும்.

அண்ணா, உங்கள் தார்ப்பாயைக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறோம். எடுக்க வரும்போது சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லச் சொன்னார்.