அருவி மூடியிருந்தால் ஆற்றோரம் நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதுரையிலிருந்து தேனிப் பக்கம் வேன் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பும் அண்ணன்மார், அக்காமார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வாடகை வேன் ஓட்டுகிறவன். கல்யாணச் சவாரி, கோயில் சவாரி எல்லாம் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்டால் பாதிச் சவாரி தேனிக்குத்தான்: கும்பக்கரை, சுருளி, வைகை அணை, மேகமலை. புளியோதரை தூக்குவாளி, ஆளுக்கொரு துண்டு, பாட்டிக்கு ஜன்னலோர சீட்டு, வளைவில் வாந்தி வராமலிருக்கப் பிள்ளைகளுக்குப் புளிப்பு மிட்டாய் என்று நீங்கள் ஏறும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருக்கும்.

இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அருவியில் குளிக்கத் தடை என்று கேட்டை மூடியிருந்தால், திரும்பி வரும்போது யாராவது ஒருவர் முன் சீட்டுக்குக் குனிந்து, "சரி டிரைவர், போற வழியில எங்கயாவது ஆத்துல நிறுத்துங்க, பிள்ளைக ஆசையா வந்திருக்கு" என்பார். இனி நான் நிறுத்துவதாக இல்லை. வண்டிக்குள் காரணம் சொன்னால் அது சண்டையில் முடிகிறது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

கேட்டை ஏன் மூடுகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கும்பக்கரை பெரியகுளத்துக்குப் பக்கத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நாம் போய் இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். "ஒரு பொட்டு மழை இல்ல, எதுக்கு மூடி வச்சிருக்கீங்க" என்று வனக்காவலரிடம் வாதம் நடக்கும். அருவியில் விழுவது பெரியகுளத்து மழை இல்லை. மேலே வட்டக்கானல் பக்கம் பெய்கிற மழை பாம்பாற்றில் சேர்ந்து சரிவில் இறங்கி வருகிறது. கீழே நிற்பவருக்கு மழையும் தெரியாது, மேகமும் தெரியாது. தண்ணீர் கலங்கலாக மாறுவது கண்ணில் படும்போது வெள்ளம் கிட்டத்தட்ட வந்துவிட்டிருக்கும். யானை கஜம், பாம்பு கஜம் என்று பெயர் வைத்த பாறைக் குழிகள் வேறு அங்கே உண்டு. காலங்காலமாகத் தண்ணீர் சுழன்று குடைந்தவை அவை. சுவர் வழவழவென்று இருக்கும், கைக்குப் பிடிமானம் கிடையாது.

சுருளிக்கு மேகமலைக் காட்டுத் தண்ணீர். அந்தக் காடு 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வெள்ளம் வந்தாலும் மூடுவார்கள், யானைக் கூட்டம் வந்தாலும் மூடுவார்கள். ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்று யானையிடம் யார் போய்ச் சொல்வது? கேட்டில் நிற்கும் காவலர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதுவரை நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அருவிதானே மூடியிருக்கிறது, ஆறு எல்லோருக்கும் பொதுவானதுதானே என்று நினைக்கிறோம். அருவியை மூட வைத்த அதே மழைதான் ஆற்றிலும் இறங்குகிறது. அருவியிலாவது கம்பி போட்டிருக்கிறார்கள், விசில் ஊத ஆள் இருக்கிறார். வீரபாண்டிக்குப் பக்கத்திலோ உத்தமபாளையத்துக்குப் பக்கத்திலோ முல்லைப் பெரியாற்றங்கரையில் நான் வண்டியை ஓரம் கட்டினால் அங்கே நீங்களும் நானும்தான். காவலர் உங்களை ஆபத்திலிருந்து திருப்பி அனுப்புகிறார். நான் கொண்டுபோய் அதைவிடப் பெரிய ஆபத்தில் இறக்கிவிடுகிறேன்.

முல்லைப் பெரியாறு மழையை மட்டும் நம்பி ஓடுகிற ஆறு இல்லை. 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வந்து, லோயர்கேம்ப் மின் நிலையத்துக் குழாய்களில் இறங்கி, பிறகு ஆறாக ஓடுகிறது. வழக்கமாக ஜூன் மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் திறப்பார்கள். திறப்பைக் கூட்டினால், வானத்தில் ஒரு மேகம் இல்லாவிட்டாலும் ஆற்றில் தண்ணீர் ஏறும். நீங்கள் பாயை விரித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது முழங்கால் அளவு இருந்த இடம், கை கழுவப் போகும்போது அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதிலும் தடுப்பணை என்றால் நமக்கு ஒரு தனி மயக்கம். குட்டி அருவி மாதிரித் தெரியும். தண்ணீர் வழிந்து விழுகிற இடத்தில் அது நேராக ஓடிவிடுவதில்லை. அடியில் உருண்டு, அணையை நோக்கியே திரும்பி வருகிறது. மேலே பார்த்தால் வெறும் நுரை. அதில் மாட்டியவரைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும், நல்ல நீச்சல்காரரையும் சேர்த்துத்தான். பல வருடமாக விழுந்த தண்ணீர் தோண்டிய பள்ளம் அங்கேயே இருக்கும். மணல் அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்பது அந்த ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. தடுப்பணையில் குளிக்கப் போய் மூழ்கினார்கள் என்ற செய்தி இல்லாமல் ஒரு கோடை விடுமுறையும் போவதில்லை. செய்தியைப் படிக்கும்போது "ஐயோ பாவம்" என்கிறோம், அடுத்த ஞாயிற்றுக்கிழமை "டிரைவர், நிறுத்துங்க" என்கிறோம்.

மதுரைக்காரர்களுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? கோபப்படாதீர்கள், நானும் மதுரைக்காரன்தான். வைகையில் தண்ணீர் வந்தால் பாலத்தில் பைக்கை நிறுத்தி வேடிக்கை பார்க்கிற ஊர் நம்முடையது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கே அணையிலிருந்து தண்ணீர் திறக்க வேண்டியிருக்கிறது. நம் அப்பாக்கள் கிணற்றில் நீச்சல் பழகினார்கள். கிணறுகள் தூர்ந்துபோய் வீட்டு மனையாகிவிட்டன. வேனில் ஏறும் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்த பிள்ளை அபூர்வம். பெரியவர்களில் அதைவிட அபூர்வம். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் நமக்கு ஆசை வருகிறது. பயம் எங்கே வர வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிள்ளை தண்ணீரில் போனால் அம்மா குதிப்பார், அம்மாவுக்காகச் சித்தப்பா குதிப்பார். ஒரே வீட்டில் இரண்டு, மூன்று பேர் போவது இப்படித்தான். நீச்சல் தெரியாதவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. என் வண்டிக் கூரையில் சாமான் கட்டுகிற கயிறு இருக்கிறது, காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. கேனை மூடிப் போட்டு இறுக்கி, கயிற்றில் கட்டி வீசினால் ஓர் ஆளை மிதக்க வைக்கும். அதுவும் இல்லையென்றால் சேலையை வீசலாம். 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் போன் போட ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தெரிந்துகொண்ட தைரியத்தில் ஆற்றில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

மச்சான்மாருக்கும் ஒரு வார்த்தை. பெண்கள் சோற்றை எடுத்து வைக்கும் நேரத்தில் நீங்கள் மூன்று பேர் மட்டும் புதருக்குப் பின்னால் போய் வருவது எல்லோருக்கும் தெரியும். குடித்துவிட்டு ஆற்றில் இறங்கும் ஆள்தான் முதலில் "நான் பாத்துக்குறேன்" என்று சொல்கிறவர்.

சரி, வந்தது வந்தாயிற்று, அருவி மூடியிருக்கிறது, என்ன செய்வது? குளியல் போய்விட்டால் நாளே போய்விட்டது என்று வீட்டுப் பெண்களுக்கு வருகிற வருத்தம் எனக்குப் புரிகிறது. வருடத்தில் ஒரு நாள் அடுப்பை மறந்து, தலை நனைய நின்று, சத்தம் போட்டுச் சிரிக்கிற இடம் அது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. பெரியகுளத்து மாந்தோப்புகளிலும் கம்பத்துத் தோட்டங்களிலும் பம்புசெட் ஓடும். தோட்டக்காரரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டு, கையில் ஏதாவது கொடுத்தால், மோட்டார் போட்டுவிடச் சம்மதிப்பவர்கள் உண்டு. தொட்டியின் ஆழம் கண்ணுக்குத் தெரியும், பாட்டியும் குளிக்கலாம். கிணற்றுப் பக்கம் மட்டும் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். ஷாம்பு கவரைத் தோட்டத்தில் போடாதீர்கள், அடுத்த குடும்பத்துக்கு அவர் கதவைத் திறக்க வேண்டும்.

சுருளிப் பக்கம் என்றால் திராட்சைத் தோட்டம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுப்பு நடந்துகொண்டிருக்கும். பந்தலுக்குக் கீழே நடந்து, கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். கொடியிலிருந்து பறித்து நேராக வாயில் போடாதீர்கள். மருந்து அடித்திருப்பார்கள், கழுவ வேண்டும். லோயர்கேம்ப்பில், பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் மணிமண்டபம் இருக்கிறது. நமக்கு வைகைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை.

என்னைக் கேட்டால் மாற்று இடங்களில் முதலாவது வைகை அணைதான். ஆண்டிபட்டியிலிருந்து பக்கம், ஊர் திரும்பும் வழி. 1959-ல் திறந்த அணை, இரண்டு கரையிலும் பூங்கா, பிள்ளைகள் ஓட இடம், பெரியவர்கள் உட்கார நிழல். அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது என்று கரையோர மக்களுக்கு அறிவிப்பார்கள். தினசரியில் அணை நீர்மட்டம் போடுகிற சின்னப் பெட்டியை விவசாயி மட்டும்தான் படிக்க வேண்டும் என்று சட்டமா? கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்களும் பாருங்கள். 'கும்பக்கரையில் குளிக்கத் தடை' என்ற செய்தியும் தினசரியின் அதே தேனிச் செய்திப் பக்கத்தில்தான் இருக்கும்.

மேகமலையை மாற்று இடமாக மதியத்தில் கேட்காதீர்கள். சின்னமனூரிலிருந்து பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, மேலே போய்த் தேயிலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரம் வேண்டும். மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை அந்தச் சாலையில் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. போவதென்றால் அன்றைக்கு அது ஒன்றுதான். பெரியகுளத்தில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்து "கொடைக்கானல் இங்கதான இருக்கு, ஏறிருவோம்" என்பவர்களுக்கு: 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், அதை வீட்டிலேயே எடுத்திருக்க வேண்டும். மலையேறக் குரங்கணியில் இறக்கிவிடச் சொல்லும் கல்லூரித் தம்பிகளுக்கு: 2018 மார்ச் 11 அன்று அந்த மலையில் தீயில் மாட்டியவர்களை மறந்துவிடாதீர்கள். வனத்துறை அனுமதிச் சீட்டு இருந்தால் கூட்டிப் போகிறேன்.

நான்கு பேர் மட்டும் போகிற குடும்பமா? மதுரை–போடி அகலப்பாதை 2023-ல் முழுதாகத் திறந்துவிட்டது. காலையில் ரயிலேறித் தேனியில் இறங்கி, ஆட்டோ பிடித்துச் சுற்றிவிட்டு மாலை ரயிலில் திரும்பலாம். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறேன், இருக்கட்டும்.

வேன்தான் வேண்டும் என்றால், பேச போன் செய்யும்போதே எந்த அருவி என்பதோடு, அது மூடியிருந்தால் எந்த இடம் என்பதையும் சொல்லிவிடுங்கள். வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்தால் ஐந்து நிமிடம். கேட் முன்னால் வெயிலில், பசியில், பிள்ளைகளின் அழுகையோடு முடிவு செய்தால் அது ஆற்றில்தான் போய் நிற்கும். காலை ஐந்தரைக்குக் கிளம்புகிறோம் என்றால் ஐந்தரைக்கு, ஏழுக்கு இல்லை.

அப்புறம், அருவி மூடியிருந்தது என்பதற்காக வாடகையில் குறைக்கச் சொல்லாதீர்கள். டீசலுக்கு அது தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் வேன் டிரைவர்களில் ஒருவன்
மதுரை